கரட்டை இடம் சுத்துன புல்லட்டு

பெட்ரோல் இல்லாம வண்டி ஓடாதா? சரிப்பா, ஓடாது. நீ படிச்சவன், நீ சொன்னா ஓடாது. ஆளு இல்லாமயும் ஓடாது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா மொட்டக்கரட்டுக்குப் போயி, அங்க டீ குடிச்சிக்கிட்டு நிக்கிற எவன்கிட்ட வேணாலும் கேளு, எழுபத்தி நாலாம் வருசத்துப் புல்லட்டு ஒண்ணு, மேல ஆளும் இல்லாம உள்ள சொட்டுப் பெட்ரோலும் இல்லாம, எட்டு மாசம் ஒரு நாள் விடாம அந்தக் கரட்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சா இல்லையான்னு. அது ஓடுனதைத்தான் எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குறீங்க. எதனால ஓடுச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறீங்க. அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு பத்திக்கிட்டு வருது. உக்காரு. கேட்டுட்டு அப்புறம் பேசு.

மொட்டக்கரடுன்னா பேருக்கேத்த மாதிரி மொட்டைப் பாறைதான், அண்டாவைக் கவுத்து வச்ச கணக்கா ஊருக்கு நடுவுல கெடக்கும், உச்சியில ஒரு பெருமாள் கோயிலு, அடிவாரத்தைச் சுத்தி ஒரே ஒரு தார் ரோடு, அந்த ரோட்டோரமா மாலை கோத்த மாதிரி ஊரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சனங்க கரட்டைச் சுத்தும். வடக்குப் பக்கம் மட்டும் ரோடு ஏத்தமா ஏறும், மாட்டு வண்டிக்காரன் இறங்கித் தள்ளுற ஏத்தம். அந்த ஏத்தம் முடியிற எடத்துல ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஒச்சம்மாளோட ஒர்க்‌ஷாப்பு.

பொம்பளை எப்படி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான்னு கேப்ப. அவ புருசன் மாயழகு நல்ல மெக்கானிக்குதான், கெட்டவன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவனுக்கு வண்டியப் பிரிக்கத்தான் ஆசை, மாட்டுறதுக்கு ஆசை கெடையாது. காலையில எட்டு மணிக்கெல்லாம் இஞ்சினைப் பிரிச்சு சாக்குல பரப்பிட்டு, சீட்டு வெளாடப் போயிருவான். வண்டிக்காரன் வந்து கத்துவான். கத்துற ஆளுக்குப் பதில் சொல்ல முடியாம, ஒச்சம்மா பரப்பிக் கெடக்குறதை ஒண்ணொண்ணா எடுத்து, இது இங்க இருந்துருக்கும், அது அங்க இருந்துருக்கும்னு மாட்டி மாட்டியே தொழில் கத்துக்கிட்டா. பதினோரு வருசம் மாட்டுனா. ஒரு நாள் மாயழகு குடும்பத்தையும் அதே மாதிரி பரப்பிப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிட்டான். அவ அழுகல. போர்டுல அவன் பேரை மட்டும் கிரீஸ் போட்டு அழிச்சுட்டா. எங்க விட்டேன்? ஆங், ஏத்தம்.

அவளுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன், தவசின்னு பேரு, முப்பத்தொரு வயசு, பூ மூட்டைய ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போற பொழப்பு. அவன் வண்டிதான் அந்தப் புல்லட்டு. அதை அவன் வண்டின்னு சொல்ல மாட்டான், "மாப்ள"ம்பான். "மாப்ள இன்னைக்கு இருமுறாப்லக்கா, என்னன்னு பாரு"ம்பான். அப்படித்தான் அந்த வருசம் புரட்டாசியில வண்டி இருமுச்சு. பாத்தா கார்ப்ரேட்டர்ல சிலைடு தேஞ்சு போச்சு.

சிலைடுன்னா ஒண்ணுமில்ல, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு டம்ளரு. கார்ப்ரேட்டருக்குள்ள மேலயும் கீழயும் போயிட்டு வரும். ஆக்ஸிலேட்டரைத் திருகுனா ஒயர் அதை மேல இழுக்கும், வண்டி பறக்கும். விட்டா ஸ்பிரிங்கு அதைக் கீழ தள்ளும், வண்டி அடங்கும். அம்புட்டுத்தான். அது மேலயே மாட்டிக்கிச்சுன்னா வண்டி அடங்காது. ஒரு டம்ளரு கீழ எறங்குறதுல ஒரு உசுரு இருக்கு, தெரிஞ்சுக்க.

ஒரிஜினல் சிலைடுக்கு அவ நாயா அலைஞ்சா. மதுரையில இல்ல, திண்டுக்கல்லுல இல்ல, பழைய இரும்புக் கடையில கூட இல்ல. அம்புட்டுப் பழைய வண்டிக்கு எவன் இன்னும் சாமான் செஞ்சுக்கிட்டு இருக்கான்? அப்பத்தான் கீழ ரோட்டுல வைரவநாதன் கடையில இருக்குன்னாங்க. ஸ்ரீ ஜெயவஜ்ரா ஸ்பேர்ஸ்னு போர்டு. ஆளு வெள்ளையும் சொள்ளையுமா, நெத்தி நெறைய விபூதியா, கல்லாவுல உக்காந்தா பாக்குறவன் கன்னத்துல போட்டுக்குவான். பெட்டி இருக்கே பெட்டி, தங்க எழுத்து, உள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள கவரு, கவருக்கு மேல மினுக்குற ஸ்டிக்கரு. கல்யாணத்துக்குக் கம்மல் எடுத்த மாதிரி இருக்கும். "இது ஒரிஜினலை விட ஒசத்திம்மா"ன்னான். கடைக்குப் பின்னாடி பட்டறையில ஓட்டை அண்டா, நசுங்குன சோத்துப்பானை எல்லாத்தையும் உருக்கி ஊத்தி, மேல பளபளன்னு முலாம் பூசி, அவனேதான் பெட்டியில போடுறான்னு அன்னைக்கு அவளுக்குத் தெரியாது.

மாட்டுன நாளுதான் கெட்ட நாளு. ஆயுத பூசை அன்னைக்கு. கேட்டுக்க, இதை நல்லாக் கேட்டுக்க. கார்ப்ரேட்டர்ல எந்த வேலை பாத்தாலும் ஒச்சம்மாவுக்கு ஒரு வழக்கம், மாட்டி முடிச்சதும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு டீ சொல்லுவா, டீ வந்து, ஆத்திக் குடிச்சு, கிளாஸைக் கழுவிக் கவுத்துற வரைக்கும் வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும், நல்லா கொதிச்சதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டுப் பாப்பா. அன்னைக்கு மட்டும் அது நடக்கல. பொழுது எறங்குறதுக்குள்ள சாமான் எல்லாத்தையும் கழுவி, ஸ்பேனரு, ஸ்குரூ டிரைவரு, சுத்தி எல்லாத்துக்கும் சந்தனம் வச்சு சாமி முன்னாடி அடுக்கணும், அடுக்கிட்டா மறுநா காலை வரைக்கும் தொடக் கூடாது. சூடேறாம ஆறிக் கெடந்த வண்டியில சிலைடைப் போட்டா, கட்டைவிரலால மேல தள்ளிப் பாத்தா, விட்டதும் வெண்ணெய்யில எறங்குற மாதிரி எறங்குச்சு. அவ கட்டைவிரலு பொய் சொல்லாதுன்னு பத்து ஊருக்குத் தெரியும். சரி, நாளைக்கு ஓட்டிப் பாத்துக்கலாம்னு கார்ப்ரேட்டரை மூடிட்டா. வண்டிக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு.

மறுநா விஜயதசமி. பூவுக்குக் கிராக்கி. தவசி அவளை எழுப்பாம, எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுக் கெளம்பிட்டான்.

கெழக்குத் திருப்பத்துல, நல்லாக் கொதிச்ச வண்டி, ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கான், அடங்கல. பாலத்துச் சுவத்துல மோதி, மல்லியப்பூ மூட்டை அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். பூவுக்கு மேல போய் விழுந்திருந்தாப் பொழச்சிருப்பான்னு சொன்னாங்க. அது என்ன ஆறுதலோ.

வண்டி விழுந்துச்சு, தானா எந்திரிச்சுச்சு, போயிருச்சு. போன வண்டி இருபத்திரெண்டு நிமிசத்துல கரட்டைச் சுத்தி வந்து, தவசியத் தூக்கிக்கிட்டு இருந்தவங்களை ஒதுங்கச் சொல்ற மாதிரி ஒரு உறுமு உறுமிட்டு, மறுபடியும் போச்சு. எழவுக்கு ஆளுக வந்தப்பயும் போச்சு. பதினாறாம் நாளும் போச்சு. இருபத்திரெண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை.

மொத வாரம் ஊரு பயந்துச்சு. மணலைக் கொட்டுனாங்க, மணலைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. கயிறு கட்டுனாங்க, கயிறு அந்துச்சு. தீயணைப்பு வண்டிய நடு ரோட்டுல நிறுத்துனாங்க, அந்தப் புல்லட்டு மரியாதையா ஓரமா ஒதுங்கிப் போயிருச்சுப்பா. அவ்வளவுதான், பயம் போயிருச்சு. ரெண்டாவது வாரம் பாத்தா டீக்கடை மொக்கையன் அதை வச்சுப் பால் காய்ச்சுறான், வண்டி போகையில அடுப்புல வச்சா அடுத்த தடவை வர்றப்ப எறக்கணும். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மணியத் தூக்கி உள்ள வச்சுட்டாரு, ரெண்டு சுத்துக்கு ஒரு பீரியடு. மஞ்சப்பையோட நிக்கிற கெழவிகள் "இன்னும் மூணு புல்லட்டுல பஸ் வந்துரும்"னு பேசிக்கும். கோட்டைக்காளை மருமகளுக்கு இடுப்பு வலி வந்தப்ப மருத்துவச்சி கடிகாரத்தைத் தேடல, "அடுத்த புல்லட்டுக்குப் பிள்ளை தலை தெரியும்"னா, தெரிஞ்சுச்சு. அந்தப் பிள்ளைக்கு என்னமோ பேரு வச்சாங்க, இப்ப வெள்ளக்கட்டின்னு கூப்பிடுறாங்க, சரியான வாலு, அது கதை தனி.

அப்புறம் எலுமிச்சம்பழம் ஆரம்பிச்சுச்சு. வண்டி நெத்தியில ஆயுத பூசைப் பொட்டு அழியாம இருந்துச்சா, ஒரு பொம்பளை ஓடுற பாதையில எலுமிச்சம்பழத்தை வச்சா, சக்கரம் நசுக்குன பழத்தை வீட்டு நெலையில கட்டுனா. மறுவாரம் அவ எருமை கன்னு போட்டுச்சு. எருமை எப்படியும் கன்னு போடத்தான போகுது? கேக்குறதுக்கு ஆளு வேணுமே. பழம் கூடை கூடையா வந்துச்சு, ரோடே புளிச்ச நாத்தம்.

பூசாரி சிலம்பணனுக்குத்தான் பொறுக்கல. "வலம் வந்தாத்தாய்யா சாமி. இது இடம் சுத்துது. நட்டைக் கழத்துற மாதிரி சாமியக் கழத்தி விடுற சுத்து இது"ன்னு கரட்டு உச்சியில இருந்து கத்துனாரு. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசுனாங்க. ரெண்டு நாள் பேசி, வண்டி இடம் சுத்தல, பெருமாளுதான் வண்டிய வலம் வர்றாருன்னு முடிவு பண்ணி எந்திரிச்சுப் போயிட்டாங்க. சிலம்பணன் மூணு நாள் சாப்பிடல.

இத்தனையிலயும் ஒச்சம்மாவ ஒருத்தரும் நெனைக்கல பாரு. அவ கொட்டகை ஏத்தத்துல இருக்கு. இருபத்திரெண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை அவ கை மாட்டுன வண்டி, அவ தம்பியக் கொன்ன வண்டி, அவ வாசல்ல மூச்சு முட்ட ஏறிப் போகும். சோத்துல கை வைக்கையில போகும். தலை குளிச்சுத் துவட்டையில போகும். போலீஸ் ஸ்டேசன்ல எழுதுன பேப்பர்ல என்ன இருந்துச்சு தெரியுமா? தவசி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டிய ஓட்டி, தானே போயி மோதிக்கிட்டானாம். பூ மூட்டைக்கு நோகும்னு பள்ளத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போற பய அவன்! அவனுக்கு அஜாக்கிரதையாம். "சாவியத் திருப்பியிருக்கலாம்ல"ன்னு டீக்கடையில பேசுனாங்க. திருப்பத்துல ஒரு கையை எடுத்து சாவியத் தேடிப் பாருங்களேன்டா, பாப்போம். அதுக்கும் மேல ஒண்ணு பேசுனாங்க, அவ காதுபடவே பேசுனாங்க. "என்ன இருந்தாலும் பொம்பளை கை மாட்டுனது."

அதுதான் அவளைத் தின்னுச்சு. பேப்பரு அவன் தப்புங்குது, ஊரு இவ தப்புங்குது, ரெண்டுல எதுன்னு தெரியணும்னா அந்தக் கார்ப்ரேட்டரைப் பிரிக்கணும், பிரிக்கணும்னா வண்டி நிக்கணும். நிறுத்துற வழி அவளுக்கு மொத நாள்லருந்தே தெரியும்னு நான் சொன்னா நீ என்ன சொல்லுவ? தெரியும். மெக்கானிக்கு எவனுக்கும் தெரியும். ஆனா அவ போகல. பிரிச்சுப் பாத்து, உள்ள தன் கைதான் தப்புன்னு இருந்துட்டா? எட்டு மாசம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு, கார்ப்ரேட்டர் வேலை மட்டும் வாங்காம, பஞ்சர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

இவ ஒரு பக்கம் இப்படிச் செத்துக்கிட்டு இருக்கா, அங்க வைரவநாதன் ரோட்டுக்குக் குறுக்க பேனர் கட்டுறான். "பெட்ரோல் இல்லாமல் ஓடும் அதிசயம்! பொருத்தப்பட்டிருப்பது எங்கள் ஜெயவஜ்ரா சிலைடு!" கீழ புல்லட்டு படம், அதுக்குக் கீழ கைகூப்பி நிக்கிறான் அவன். எப்படி இருக்கு? மனுசனை அடிச்ச சிலைடு அய்யா அது, அதை வச்சு யாவாரம்! ஊருப்பட்ட பழைய வண்டிக்காரனும் வந்து நின்னான். தேனியிலருந்து வந்தான், ராஜபாளையத்துலருந்து வந்தான், "எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுங்க, நிக்காம ஓடட்டும்"னு. பட்டறையில ராவும் பகலும் அண்டா உருகுச்சு. ஊருக்குள்ள சோத்துப்பானையே தட்டுப்பாடாப் போச்சு. அதிசயம் ஒரு வண்டிக்குத்தான். மத்த வண்டியெல்லாம் சாதாரணமா அடங்காமப் போச்சு, சாதாரணமா மோதுச்சு. ஒருத்தனுக்குப் பல்லு, ஒருத்தனுக்குத் தோள்பட்டை, ஒருத்தன் கெணத்துல. கேட்டா, "பக்தி பத்தல"ன்னான் வைரவநாதன். அப்படியே சொன்னான், வாய் கூசாம.

ஆனி மாசம் ஒரு நாள், காலுல மாவுக்கட்டோட ஒரு பொம்பளை ஏத்தத்துல ஏறி வந்தா. கொத்தனாரு பொஞ்சாதி, சோலையம்மான்னு பேரு, சின்னமனூருப் பக்கம். கட்டையை ஊணிக்கிட்டு, கொட்டகை வாசல்ல நின்னா.

"நீங்கதானக்கா ஒச்சம்மா?"

"ஆமா. என்ன ஆத்தா?"

"எங்க வண்டியில இந்தச் சிலைடு மாட்டி ஒன்பதே நாளு. எங்க வீட்டுக்காரரு இன்னும் கண்ணு முழிக்கல. பெரியாஸ்பத்திரியில கெடக்காரு."

ஒச்சம்மா கையில இருந்த டியூப்பை மறுபடி தண்ணியில முக்குனா.

"உங்க தம்பி வண்டி ஓடுறதை நேர்ல வந்து பாத்துட்டுத்தான் வாங்குனோம். நல்ல சாமானா இல்லாட்டி அந்த அக்கா சும்மாவா இருப்பாக, செத்தது அவுக தம்பியாச்சேன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு." அவ சண்டைக்கு வந்த மாதிரியே பேசல, அதுதான் கொடுமை. "சும்மாத்தான் இருந்தீகளாக்கா?"

அந்த நேரத்துல கீழ ஏத்தத்துல சத்தம் கேட்டுச்சு. புல்லட்டு வருது.

ஒச்சம்மா பஞ்சர் பாத்துக்கிட்டு இருந்த டியூப்பைக் கீழ போட்டா, சேலைய இழுத்துச் சொருகுனா, ரோட்டுல எறங்கிட்டா. இதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தப் போன ஆம்பளைக எல்லாம் என்ன பண்ணுனாங்க? மேல ஏறி உக்காரப் பாத்தாங்க. குதிரைய அடக்குற மாதிரி. தூக்கி எறிஞ்சுச்சு. அவ ஏறல. ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கி மெதுவா வருமா, கூடவே ஓடுனா. பாலத்துல மோதுனப்பவே ஏர் பில்டரு பிஞ்சு விழுந்து, காத்தை இழுக்குற கார்ப்ரேட்டர் வாயி எட்டு மாசமாத் தொறந்து கெடந்துச்சு. கண்ணு இருக்குற எல்லாரும் பாத்ததுதான். அவ ஓடிக்கிட்டே குனிஞ்சு, உள்ளங்கைய விரிச்சு, அந்த வாயப் பொத்துனா.

மூச்சை அடைச்சா இஞ்சின் சாகும். பெட்ரோலு இல்லாமக் கூட ஓடுன வண்டிதான், காத்து இல்லாம அதாலயும் முடியல. உறிஞ்சுச்சு பாரு, உள்ளங்கைத் தோலைப் பிச்சு உள்ள இழுக்குற மாதிரி உறிஞ்சுச்சு. நாப்பது அடி அவளைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போச்சு. அவ கைய எடுக்கல. "நில்றா மாப்ள, நில்றா, நில்றா"ன்னு தம்பி கூப்பிட்ட பேரைச் சொல்லிக்கிட்டே போனா. ரெண்டு தடவை இருமுச்சு. நின்னுருச்சு.

எட்டு மாசத்துக்கு அப்புறம் ஊருல சத்தமில்ல. அந்த அமைதியில மொத மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? மொக்கையன் பால் பொங்குற சத்தம்.

அப்புறம் வந்துச்சு கூட்டம். அவ கையில ரத்தம் சொட்டுது, முட்டி ரெண்டும் பேந்து கெடக்கு, அதை ஒருத்தன் கேக்கணுமே? "சாமிய நிறுத்திட்டாளே பாவி!" "பஸ் எப்ப வரும்னு இனி எப்படிடி தெரியும்?" "எங்க பிள்ளைக்கு இன்னைக்குத்தான் பழம் வச்சேன், நசுக்காமப் போயிருச்சே!" வாத்தியாரு கூட வந்து "இப்ப மூணாவது பீரியடா நாலாவதா?"ன்னு கேட்டாரு. ஒச்சம்மா வண்டியத் தள்ளிக் கொட்டகைக்குள்ள கொண்டு போயி ஸ்டாண்டு போட்டா. மாவுக்கட்டுப் பொம்பளை சோலையம்மா கட்டையத் தூக்கிப் போட்டுட்டு ஒரு கை தள்ளுனா.

ஸ்பேனரை எடுத்து ரெண்டு நட்டு கழத்தல, அதுக்குள்ள கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு வைரவநாதன் வர்றான். தலையில பித்தளைக் குடம். அரக்கப் பரக்க ஓடியாந்ததுல பாதித் தண்ணி வேட்டியில.

"தெய்வம் நின்னுருச்சு! ஒடனே குளுர வைக்கணும்! அபிசேகம் பண்ணணும், நகருங்க, நகருங்க!"

ஒச்சம்மா நிமிந்து பாத்தா. அவன் மொகத்தைப் பாத்ததும் அவளுக்கு எல்லாம் வெளங்கிருச்சுப்பா. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆறுனா சிலைடு வழுக்கும், சூடானா பிடிச்சுக்கும்னு அவனுக்கு மொதல்லருந்தே தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி இந்த ஊருல எவன் இஞ்சினைக் குளுர வைக்கக் குடத்தோட ஓடி வர்றான்?

"ஒரு சொட்டுத் தண்ணி இதுல பட்டுச்சு," ஸ்பேனரை ஓங்கிக்கிட்டு எந்திரிச்சா, "குடத்துக்குள்ளயே உன் தலைய வச்சு நசுக்கிருவேன்."

"பாத்தீங்களா சனங்களே, சாமிக்குத் தண்ணி ஊத்த விட மாட்டேங்குறா!"

கூட்டம் அவ மேல பாயப் பாத்துச்சு. அப்ப வந்தாரு பாரு சிலம்பணன் பூசாரி, கரட்டு மேலருந்து மூச்சு எரைக்க. வந்து வைரவநாதனுக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னாரு. அவளுக்காக ஒண்ணும் வரல. "ஏய், இந்த ஊருல எதுக்கு அபிசேகம்னாலும் பண்றதுக்கு நான் இருக்கேன். என் பாட்டன் இருந்தான். நீ யாருய்யா சட்டி உருக்குறவன் குடந்தூக்கிட்டு வந்துட்ட? கீழ வை!" எட்டு மாசத்துக் கோவம். குடத்தைப் பிடுங்கி, தன் தலையிலயே ஊத்திக்கிட்டாரு மனுசன். நல்லது எந்தக் காரணத்துக்கு நடந்தா என்ன?

கார்ப்ரேட்டர் வெளிய வந்துருச்சு. சாக்குத் துணியச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, மேல் மூடியக் கழத்தி, ஒயரையும் ஸ்பிரிங்கையும் உருவிட்டு, அப்படியே கவுத்துனா. விழணும். ஒண்ணும் பிடிக்கல, எதுவும் கட்டல, கவுத்துனா அந்த டம்ளரு பொத்துன்னு விழணும். விழல. உலுக்குனா. விழல. கூட்டத்தோட வந்திருந்த போலீஸ் ஏட்டு கையில குடுத்தா, "நீங்க தட்டுங்கய்யா." ஏட்டு தட்டுனாரு, விழல. மொக்கையன் தட்டுனான், விழல. சூடு பட்ட விரலை ஊதிக்கிட்டான்.

"ஆறட்டும்"னு சொல்லிட்டு எல்லாரும் பாக்குற மாதிரி நடுவுல ஸ்டூல்ல கவுத்தே வச்சா. கீழ ஒரு தட்டு. அம்புட்டுப் பேரும் நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, ஒருத்தரும் தொடாம, ஒருத்தரும் ஊதாம, டணார்னு தட்டுல விழுந்துச்சு. முலாம் உரிஞ்சு, செதில் செதிலா, சொறி பிடிச்ச மாதிரி. டீக்கடைக் கொதிதண்ணிய வாங்கி அதுல முக்கிப் போட்டு மறுபடி உள்ள தள்ளுனா, பாதியில நின்னுக்கிச்சு. ஆறவச்சா, விழுந்துச்சு. மூணு தடவை செஞ்சா. மூணாவது தடவை கூட்டத்துல ஒரு கெழவி, "ஆத்தாடி, இதுக்கா நான் பழம் வச்சேன்"னா.

ஒச்சம்மா அழுதாளான்னு கேப்ப. அழுகல. தட்டைக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நின்னா.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இதுல என் தப்பும் இருக்கு. பூசைக்கு நேரமாச்சுன்னு நான் சூடு பண்ணிப் பாக்காம மாட்டுனேன். ஒரு டீ குடிக்கிற நேரம் எனக்கு இல்லாமப் போச்சு. என் தம்பிய நானும் சேந்துதான் தூக்கிக் குடுத்தேன். அது தெரிஞ்சிருமோன்னுதான் எட்டு மாசம் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன், அதுல இந்த ஆத்தா வீட்டுக்காரரும் போய் விழுந்தாரு. இது என் தப்பு. நான் சொல்லிட்டேன். பொம்பளை கைன்னு பேசுனவனெல்லாம் இப்பப் பேசுங்கடா, ஆமான்னு நிக்கிறேன்." திரும்புனா. "வைரவநாதா, உன் தப்பு எங்க? அதை நீ சொல்லு."

ஈர வேட்டியோட நின்னவன் தொண்டையக் கனைச்சான். "தொழில்னா ஒண்ணு ரெண்டு பீஸ் அப்படி இப்படித்தாம்மா வரும். பெட்டியோட கொண்டா, மாத்தித் தர்றேன்."

மாத்தித் தர்றானாம்! கேட்டியா? பெட்டியோட கொண்டாந்தா மாத்தித் தருவானாம்!

ஒச்சம்மா கத்துவான்னு எல்லாரும் நெனச்சாங்க. அவ கத்தல. ஏட்டுப் பக்கம் திரும்புனா. "அய்யா, அதிவேகம் அஜாக்கிரதைன்னு எழுதுனீங்களே. அந்த வரிய அடிங்க."

ஏட்டு தொப்பியக் கழத்திச் சொறிஞ்சாரு. "அது கோர்ட்டுக்குப் போயிருச்சு தாயி. அடிக்கிறதுக்கு எனக்கு அதிகாரமில்ல."

"எழுதுறதுக்கு மட்டும் இருந்துச்சா?"

அவரு தொப்பிய மறுபடி மாட்டிக்கிட்டாரு.

"சரி. அடிக்க வேணாம். பேனா வச்சிருக்கீங்கல்ல? பேப்பரு எடுங்க. புதுசா எழுதுங்க. ஒண்ணு ரெண்டு பீஸுங்குறாருல்ல இவரு, எத்தனை ஒண்ணு ரெண்டுன்னு இன்னைக்கே பாத்துருவோம். இவரு எங்கயும் போகக் கூடாது. இந்த ஸ்டூல்லயே உக்காரட்டும்."

கூட்டம் அப்பத்தான் திரும்பிப் பாத்துச்சு. கரட்டு அதிசயத்தைப் பாக்க வந்த பழைய வண்டிக, ஏத்தத்துல கீழ வரைக்கும் வரிசையா நிக்குது. முப்பதுக்குக் கொறையாது. எல்லா டேங்குலயும் தங்க எழுத்து ஸ்டிக்கரு. வண்டிக்காரனுக மொகத்தைப் பாக்கணுமே, வர்றப்ப சாமி கும்பிட வந்தவங்க, இப்ப தன் வண்டியவே பாம்பப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு ஒரு அடி தள்ளி நிக்கிறாங்க. ஒருத்தன், போடிக்காரன், பின்னாடி பொஞ்சாதி, மடியில பிள்ளை, இந்த வண்டியிலதான் வந்திருக்கான், இதுலதான் ஊரு திரும்பணும் அத்தனை தூரமும். பிள்ளையத் தூக்கி பொஞ்சாதி இடுப்புக்கு மாத்திட்டு, கை ஓய்ஞ்சு போயி நிக்கிறான்.

ஒச்சம்மா பிஞ்ச உள்ளங்கையில பனியன் துணியச் சுத்திப் பல்லால முடிச்சுப் போட்டா. ஸ்பேனரை எடுத்தா.

"ஏப்பா போடி, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? கிக்கரை மிதி, நல்லாக் கொதிக்க விடு, சூடு ஆறுறதுக்குள்ள வண்டிய உள்ள கொண்டா!"